சுகாதார மானியமும் அதற்கு முந்தைய இரங்கல்களும்

இறந்தவர்களை மதிக்கத் தெரிந்த நாடாளுமன்றம் இந்தப் பூமியில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அது எங்களுடையது. மற்ற நாட்டு மன்றங்கள் எல்லாம் உயிரோடிருப்பவர்களைப் பற்றிப் பேசியே பொழுதைக் கழிக்கின்றன. உயிரோடிருப்பவன் நன்றி கெட்டவன். ரோடு கேட்பான், தண்ணீர் கேட்பான், போன வருடம் ஒதுக்கிய பணத்துக்குக் கணக்குக் கேட்பான். இறந்தவன் எதுவும் கேட்பதில்லை. அப்படிப்பட்ட உத்தமக் குடிமகனைக் கௌரவிக்காமல் வேறு யாரைக் கௌரவிப்பது?

நான் செயிண்ட் ஒடீல் தீவு நாடாளுமன்றத்தில் தண்டம் ஏந்துபவன். வெள்ளிப் பூண் போட்ட அந்தக் கனத்த கோலை நான் தோளில் சுமந்து வந்து மேசைமேல் வைத்தால் அவை கூடியதாக அர்த்தம். எடுத்துக்கொண்டு போனால் கலைந்ததாக அர்த்தம். இடைப்பட்ட நேரத்தில் எனக்கு வேலை கிடையாது. ஆகவே எல்லோர் பேச்சையும் கவனமாகக் கேட்பேன். உறுப்பினர்களுக்கு அந்த வசதி இல்லை. அவர்களுக்குப் பேசுகிற வேலை இருக்கிறது.

மொத்தம் பதினைந்து உறுப்பினர்கள். பதினான்கு பேர் ஆளுங்கட்சி. மீதி ஒருவர் வெர்லின் ஓகுஸ்த் அம்மையார். அன்ஸ் ரூஷ் மீனவக் கடற்கரையில் ஜெயித்து வந்தவர். அவரே எதிர்க்கட்சி, அவரே எதிர்க்கட்சித் தலைவர், அவரே கொறடா. கொறடா என்ற முறையில் தன்னைத்தானே அவைக்கு ஒழுங்காக வரவைத்துவிடுவார் என்பதைச் சொல்லியாக வேண்டும்.

கொரோனாவின் இரண்டாம் வருடம் பட்ஜெட் ஆய்வுக்கு மூன்று நாள் ஒதுக்கினார்கள். துறைவாரியாக ஒவ்வொரு மானியமாக எடுத்து, கேள்வி கேட்டு, பதில் வாங்கி நிறைவேற்ற வேண்டும். மூன்றாம் நாள் மாலை ஆறு மணி அடித்தால், மிச்சமிருப்பவை அத்தனையும் ஒரே மூச்சில் மொத்தமாக நிறைவேறிவிடும். ஜனநாயகத்துக்கும் வீட்டுக்குப் போகிற நேரம் என்று ஒன்று உண்டல்லவா?

எங்கள் மரபுப்படி, பேச எழும் உறுப்பினர் முதலில் கடவுளுக்கு நன்றி சொல்வார். பிறகு, "எல்லா மரியாதைகளும் செலுத்தப்பட்டதாகக் கொள்க" என்று சொல்லிவிட்டு, எல்லா மரியாதைகளையும் ஒவ்வொன்றாகச் செலுத்துவார். அதன் பிறகு தன் தொகுதியில் காலமானவர்களுக்குப் பெயர் சொல்லி இரங்கல் தெரிவிப்பார். தீவு முழுக்க வானொலியைக் காதோரம் வைத்துக்கொண்டு காத்திருக்கும். நம் வீட்டுப் பெயர் வருகிறதா என்று எல்லாரும் பார்ப்பார்கள். வராவிட்டால் அடுத்த தேர்தலில் பார்ப்பார்கள்.

சாதாரண வருடங்களில் இந்த மரபு ஒரு குவளை கொக்கோ குடித்து முடிக்கும் நேரத்தில் முடிந்துவிடும். அந்த வருடம் ஆட்கள் தாராளமாக இறந்துகொண்டிருந்தார்கள். ஆகவே இரங்கலும் தாராளமாயிற்று.

முதல் நாள் காலை முழுக்க லியோபோல்ட் என்ற முதியவரால் கழிந்தது. அவர் குடியிருந்தது மீன்வள அமைச்சரின் தொகுதி. அடக்கமானது பொதுப்பணி அமைச்சரின் தொகுதி. இருவரும் ஒரே நேரத்தில் எழுந்துவிட்டார்கள்.

"ஓட்டுப் போட்டது எங்க பள்ளிக்கூடத்துல. நாங்கதான் அழணும்" என்றார் மீன்வளம்.

"போட்டாருய்யா, யாரு இல்லேன்னா? இப்போ படுத்திருக்கறது எங்க மண்ணுல. இனிமே அவர் எங்க ஆளு" என்றார் பொதுப்பணி.

அவைத்தலைவர் யூடோக்சி அம்மையார் விதிநூலை முன்னும் பின்னும் புரட்டி, இருவரும் இரங்கலாம் என்று தீர்ப்பளித்தார். லியோபோல்டுக்கு மூன்றாவது தொகுதியிலும் ஒரு குடும்பம் இருந்த விவரம் அப்போதுதான் வெளியே வந்தது. அந்தத் தொகுதி உறுப்பினரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். உப்புமீனும் பொரித்த ரொட்டியும் தயார் என்று உணவகத்திலிருந்து இரண்டு முறை ஆள் வந்துவிட்டுப் போனான்.

சாப்பாட்டுக்குப் பிறகு 'கடுமையான ஆய்வு' தொடங்கியது. எங்கள் பிரதமர் ஆல்டஸ் மொன்டூத்தான் நிதியமைச்சரும். அவருடைய கட்சிக்காரர்களே அவரைக் கூண்டிலேற்றிக் குறுக்குவிசாரணை செய்தார்கள். "இவ்ளோ அருமையான பட்ஜெட்ட எப்பதாங்க யோசிச்சீங்க?" என்று ஒருவர் மடக்கினார். பிரதமர் தடுமாறாமல், "ராத்தூக்கம் இல்லாம" என்றார். உறுப்பினர்கள் மேசையைத் தட்டினார்கள். கிருமி பரவும் என்று உள்ளங்கையால் தட்டுவதற்குத் தடை இருந்ததால் முழங்கையால் தட்டினார்கள். நாட்டுக்காக முழங்கை வீங்கியவர்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

வெர்லின் அம்மையாருக்கு இதிலெல்லாம் அக்கறை இல்லை. அவருக்கு இருந்தது ஒரே ஒரு கேள்வி. அது இருபத்தேழாவது மானியமான சுகாதாரத்தில் இருந்தது. 'பிராணவாயு உற்பத்தி நிலையம்: பத்து டாலர்' என்று ஒரு வரி. பத்து டாலருக்கு எங்கள் சந்தையில் ஒரு சீப்பு வாழைக்காய் கிடைக்கும். ஆனால் அதற்கு நிதித்துறையில் 'அடையாளத் தொகை' என்று பெயர். பணம் தர மாட்டோம், மறக்கவும் மாட்டோம் என்று அர்த்தம்.

நிலையம் என்னவோ எப்போதோ வந்துவிட்டது. யாரோ வெளிநாட்டுக்காரர்கள் சும்மா கொடுத்தது. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் பிரதமரின் சிரித்த முகம் அச்சடித்த தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு நின்றது. மின் இணைப்புக் கொடுக்கப் பணம் கட்ட வேண்டும், அதைத்தான் கட்டவில்லை. ஆகவே ஆக்சிஜன் பக்கத்துத் தீவிலிருந்து சிலிண்டரில் படகேறி வந்தது. கடல் நல்ல மனநிலையில் இருந்தால் வந்தது.

அதே பட்ஜெட்டில் கார்னிவல் திருவிழாவின் மேடை விளக்குகளுக்கு முழுத் தொகையும் இருந்தது. கார்னிவலை ரத்து செய்து மாதக்கணக்காகிறது. ஒரு மானியத்தில் சும்மா கிடக்கும் பணத்தை இன்னொன்றுக்கு மாற்ற, அவையில் ஓர் உறுப்பினர் கேட்டு, நிதியமைச்சர் தலையசைத்தால் போதும். சுகாதாரச் செயலாளர் டாக்டர் இஸ்மே இதை வெர்லினிடம் வராந்தாவில் வைத்துச் சொன்னது என் காதிலும் விழுந்தது.

"கேட்டுடுங்கம்மா. இஞ்சினியர ஆஸ்பத்திரியிலயே உக்கார வச்சிருக்கேன். சரின்னு ஒரு வார்த்தை வந்தா அப்பவே இணைச்சுடுவாரு."

வெர்லினின் தம்பி கென்ரிக் அந்த ஆஸ்பத்திரியில்தான் படுத்திருந்தார். அன்ஸ் ரூஷிலிருந்து தலைநகருக்கு மினிபஸ் ஓட்டுபவர். அவர் பஸ்ஸில் ஏறாத ஆள் தீவில் இல்லை. இரண்டு நாளாகச் சிலிண்டர் தயவில்தான் மூச்சு.

இரண்டாம் நாள் காலை வெர்லின் ஒரு பெரும் பாதகம் செய்தார். இரங்கல்கள் அனைத்தும் வாசிக்கப்பட்டதாகக் கொண்டு நேரே மானியங்களுக்குப் போகலாம் என்று தீர்மானம் கொண்டுவந்தார். அவை விக்கித்துப் போயிற்று. மீன்வள அமைச்சர் முகக்கவசத்தை இறக்கி, "உங்களுக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா?" என்று கேட்டுவிட்டு, கிருமிக்குப் பயந்து மறுபடி ஏற்றிக்கொண்டார். பதினான்குக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்மானம் தோற்றது.

வெளியே வந்தால் அவர் தொகுதிக்காரி ஒருத்தி தொலைபேசியில் பிடித்துக்கொண்டாள். வெர்லின் பேசியை முகத்திலிருந்து தள்ளிப் பிடித்தும், அந்தக் குரல் உணவகம் வரை கேட்டது.

"உன் கேள்வி எங்கயும் ஓடிடாதுடி வெர்லின். எங்க மாமா ஒரு தடவதான் செத்தாரு. அவர் பேர ரேடியோவுல சொல்ல விடாமப் பண்றியே, இதுக்கா உனக்கு ஓட்டுப் போட்டோம்?"

வெர்லின் பேசியை அணைத்துவிட்டு உள்ளே வந்தார். அந்த மாமாவின் பெயரைத் தானே எழுந்து சொன்னார். அன்று மாலைக்குள் பதினோராவது மானியத்தைத்தான் தொட முடிந்தது.

கொரோனா எங்கள் அவைக்கு இன்னொரு புது மரபையும் தந்திருந்தது. அதிகாரிகள் பின்வரிசையில் உட்காரலாம். அவையில் வாய் திறக்கக் கூடாது. அமைச்சரிடம் ஏதாவது சொல்ல வேண்டுமானால் நடந்து வந்து, அவைத்தலைவருக்குத் தலைகுனிந்து வணங்கி, காதில் சொல்லிவிட்டுப் போக வேண்டும். ஆஸ்பத்திரியிலிருந்து யாராவது போய்விட்டார்கள் என்று தகவல் வரும்போதெல்லாம் டாக்டர் இஸ்மே அப்படி வந்து பிரதமர் காதில் பெயரைச் சொல்வார். அவை எழுந்து நிற்கும். நாளடைவில் பெயர் வரும்வரை காத்திருப்பது மரியாதைக் குறைவாகப் பட்டது. அவர் நாற்காலியை விட்டு எழுந்ததுமே எல்லோரும் எழத் தொடங்கினோம். இவ்வளவு நாசூக்கான அவையை வேறெங்கே பார்ப்பது?

மூன்றாம் நாள், ஆறு மணிக்குக் கொஞ்ச நேரம் இருக்கையில், யூடோக்சி அம்மையார் "மானியம் இருபத்தேழு, சுகாதாரம்" என்று வாசித்தார். வெர்லின் எழுந்தார். நன்றியும் இல்லை, மரியாதையும் இல்லை. நேரே கேள்வி.

"தலைவரம்மா, கார்னிவல் மேடைக்கு வச்சிருக்கிற பணத்த..."

அந்த நொடியில் டாக்டர் இஸ்மேயின் பேசி மின்னியது. கென்ரிக்குக்குப் போட்டிருப்பதுதான் கடைசி சிலிண்டர், அது முடியப் போகிறது, படகைக் காணோம் என்று செய்தி. கேள்வி முடியும்வரைகூடக் காத்திருக்க வேண்டாம், இப்போதே தலையசைத்துவிடுங்கள் என்று பிரதமரிடம் கெஞ்சத்தான் அவர் எழுந்தார். இதைப் பிற்பாடு அவரே என்னிடம் சொன்னார்.

அவர் எழுந்ததும் அவை எழுந்தது. அவர் தலைகுனிந்து வணங்கியதும் சிலர் மார்பில் சிலுவை போட்டுக்கொண்டார்கள். பிரதமர் கோட்டுப் பொத்தானை மாட்டிக்கொண்டு நின்றார். இஸ்மே அவர் காதருகே குனிந்து, "கென்ரிக் ஓகுஸ்த்..." என்று ஆரம்பித்தார். பிரதமர் போதும் என்று கையை உயர்த்தினார். மேற்கொண்டு கேட்பது நாகரிகமில்லையே.

"மாண்புமிகு உறுப்பினர் தன்னோட கேள்விய கொஞ்சம் நிறுத்தணும்" என்றார். குரல் உடைந்திருந்தது. "நம்ம கென்ரிக் நம்மள விட்டுப் போயிட்டான்."

"அவன் சாகல. காலையில எங்கிட்ட பேசினான்" என்றார் வெர்லின்.

அவைத்தலைவர் இரக்கத்தோடு பார்த்தார். "துக்கத்துல முதல்ல அப்படித்தாம்மா தோணும். தண்ணி குடிங்க."

"டாக்டரம்மாவக் கேளுங்க. அவங்க இங்கதானே நிக்கறாங்க."

"அதிகாரிங்க அவையில பேசக் கூடாதும்மா. உங்களுக்குத் தெரியாததா?"

டாக்டர் இஸ்மே இல்லை, இல்லை என்று தலையை ஆட்டினார். துக்கம் தாளாமல் ஆட்டுகிறார் என்று எடுத்துக்கொண்டோம். ஒரு துண்டுத் தாளில் அவசரமாக எழுதிக் கொடுத்தார். பிரதமர் அதை இரு கையாலும் வாங்கி, கண்ணில் ஒற்றி, படிக்காமல் மார்புப் பையில் வைத்துக்கொண்டார். வெர்லின் கேள்வியை உரக்கக் கேட்டார். இரங்கலின்போது பேசுபவரின் ஒலிவாங்கி மட்டுமே இயங்கும் என்பது விதி. அவருடையதை அணைத்திருந்தார்கள்.

பதினான்கு பேரும் பேசினார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், அதில் நடிப்பு இல்லை. புயலடித்த அன்று என் மகளைப் பரீட்சைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவர் கென்ரிக் என்று சொல்லிப் பொதுப்பணி அமைச்சர் விம்மி அழுதார். சில்லறை இல்லாதவர்களை இறக்கிவிட்டதே இல்லை என்றார் மீன்வளம். எனக்கும் கண் கலங்கியது. என்னையும் எத்தனையோ நாள் ஓசியில் ஏற்றிக்கொண்டு போனவர். வெர்லின் மட்டும் அழவில்லை. கையைத் தூக்கியபடியே நின்றுகொண்டிருந்தார்.

கடைசி உறுப்பினர் அமரும்போது ஆறு அடித்தது. இருபத்தேழு முதல் நாற்பது வரையிலான மானியங்கள் மொத்தமாக நிறைவேறின. கார்னிவல் மேடைக்கு விளக்குகள், பிராணவாயுவுக்குப் பத்து டாலர். முழங்கைகள் மேசைகளில் விழுந்தன. நான் தண்டத்தைத் தூக்கித் தோளில் வைத்தேன். அவை கலைந்தது. இனி அதிகாரிகள் பேசலாம்.

டாக்டர் இஸ்மே பேசியைக் காதில் வைத்தபடி வராந்தாவில் நின்றார். அவைக்குறிப்பு எழுதுபவர் பேனாவோடு அவரிடம் போனார்.

"டாக்டரம்மா, அந்த இரங்கல் தீர்மானம் தப்புன்னு வெர்லினம்மா சொல்றாங்க. அடிச்சுடட்டுமா?"

இஸ்மே பேசியை இறக்கினார். "வேண்டாம். பொதுப்பணி அமைச்சர் பேசிட்டிருந்தப்ப போயிட்டாராம்" என்றார்.

எங்கள் அவைக்குறிப்பில் இதுவரை ஒரு பொய்கூட ஏறியதில்லை. ஒருவர் இறந்துவிட்டார் என்று நாங்கள் சொல்லிவிட்டால், அது உண்மையாகும்வரை எழுந்து நின்று பேசுவோம்.