மனுஷி எழுதிய கட்டுரை

கட்டுரையைக் கல்லூரித் தளத்தில் ஏற்றிய மறு நிமிஷமே, திரையில் சிவப்பாக 92 என்று வந்து நின்றது. பக்கத்தில் ஒரு விளக்கமும் இல்லை. சுரேகா அதையே வெறித்துப் பார்த்தாள்.

‘கல்வியில் செயற்கை நுண்ணறிவு: ஒரு மாணவரின் பார்வை’ என்பது தலைப்பு. “இந்த வாட்டி உங்க கட்டுரைய நான் பாக்கப் போறதில்ல, மெஷின்தான் பாக்கும். அத ஏமாத்தலாம்னு நெனைக்காதீங்க” என்று சித்ரா மேடம் வகுப்பில் சொன்னதிலிருந்தே அவளுக்குத் தூக்கம் சரியில்லை.

உடனே தோழி ரியாவுக்கு போன் போட்டாள். ரியா இன்னும் கட்டுரையே எழுதவில்லை. ஆனால் அவளுக்குத் தெரியாத விஷயம் அந்தக் கல்லூரியில் எதுவும் கிடையாது.

“தொண்ணூத்திரண்டா? செத்தடி நீ! மெஷின் எழுதுனது எத்தினி பர்சன்ட்டுன்னு காட்டுது. இருபதுக்கு மேல போனா அப்பாவ இட்டாரச் சொல்லுவாங்க.”

“நானேதான்டி எழுதினேன், சத்தியமா!”

“அத்த மெஷின்கிட்ட சொல்லு. அஞ்சு மணி வரைக்கும் மாத்தி மாத்திப் போடலாம். கடைசியா போட்டதுதான் கணக்கு. கொஞ்சம் தப்பும் தவறுமா எழுது.”

அப்பா என்றதும் சுரேகாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. உலகநாதன் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவர். ‘எம் பொண்ணு காலேஜ்ல படிக்குது’ என்று கேட்காதவர்களிடமும் சொல்லிவிடுகிறவர். அவரை ஆபீஸ் வாசலில் நிறுத்தி, ‘உங்க பொண்ணு திருடி எழுதிட்டா’ என்றால்?

கட்டுரையைத் திறந்தாள். வகுப்பில் எழுந்து கேட்கக் கூச்சப்பட்ட பாடத்தை, பூந்தமல்லி பஸ்ஸில் வரும்போது போனிடம் திரும்பத் திரும்பக் கேட்டுப் புரிந்துகொண்டதை எழுதியிருந்தாள். ‘இதுகூடத் தெரியாதா என்று அது ஒருமுறையும் கேட்டதில்லை. ஆனால் எனக்குப் புரிந்தபோது அதற்குச் சந்தோஷமும் வரவில்லை.’ அவளுக்கு ரொம்பப் பிடித்த வரிகள். இதையா மெஷின் எழுதியது என்கிறது? மூக்கை உறிஞ்சிக்கொண்டே அழித்தாள். மிச்சத்தில் லகர ளகர ழகரங்களை எல்லாம் இடம் மாற்றி ஏற்றினாள்.

71.

“எறங்குதுடி!”

“இன்னும் எறக்கு. சம்பந்தா சம்பந்தமில்லாம எழுது. மனுசங்க அப்டித்தான பேசறோம்?”

எழுதினாள். 48. அதற்குமேல் எவ்வளவு உளறினாலும் இறங்க மறுத்தது. நேரம் வேறு ஓடிக்கொண்டிருந்தது.

அம்மா அன்னம்மாள் முருங்கைக்கீரைக் கட்டோடு உள்ளே வந்தாள். “இன்னாடி, பேயறைஞ்ச மாரி குந்திகினு கீற?”

சுரேகாவுக்குப் பளிச்சென்று ஒரு யோசனை. “அம்மா, இந்த ஏஐ வெச்சிப் படிக்கிறதப் பத்தி நீ இன்னா நெனைக்கிற?”

“நான் இன்னாத்த நெனைக்கிறது? காலைலேர்ந்து தண்ணி லாரி வரல, அத்தக் கேக்க நாதியில்ல. ஒங்கப்பன் சட்ட பூரா கிரீஸு. எனக்கு நெனைக்க எங்க நேரம் கீது? போன கீழ வெச்சிட்டு வந்து கீரைய ஆயி.”

பழைய கட்டுரையை முழுசாக அழித்துவிட்டு, அம்மா சொன்னதை ஓர் எழுத்து விடாமல் அடித்தாள். இதைவிட அசலாக ஒரு மனுஷி எழுதிய கட்டுரை உலகத்தில் இருக்க முடியாது. கண்ணை இறுக மூடிக்கொண்டு ஏற்றினாள்.

17.

மணி ஐந்தாகி, தளம் மூடிக்கொண்டது. சுரேகா அம்மாவைக் கட்டிப் பிடித்துச் சுற்றினாள். கீரை வீடெல்லாம் பறந்தது. “பைத்தியம் புடிச்சிகிச்சா?” என்று அம்மா கத்தினாள்.

அப்போது போன் அடித்தது. கடைசி பெஞ்ச் ரூபஸ்.

“சுரேகா, ஜஸ்ட்டு தப்பிச்சேன்! நாப்பதுதான் பாஸ் மார்க்கு, மெஷின் எனக்கு நாப்பத்தொண்ணு போட்டுக்கீது. நீதான் நல்லா எழுதுற ஆளாச்சே, உனக்கு எவ்ளோ மார்க்கு?”