கதவு தட்டுவதை ஒழித்தவர்

மறுசிந்தனையாளர் என்று ஓர் இனம் உண்டு. எந்தச் சபையிலும் ஒருவராவது இருப்பார். இருவர் இருந்தால் சபை இரண்டாகிவிடும். சர்ச்சுக்குப் பலர் ஜெபிக்க வருவார்கள், சிலர் தூங்க வருவார்கள், இவர் மட்டும் சர்ச்சைப் பற்றி யோசிக்க வருவார். எல்லோரும் கண்ணை மூடியிருக்கும்போது இவர் திறந்து வைத்துக்கொண்டு, பெஞ்சுகளை எந்தப் பக்கம் திருப்பினால் சமூகம் உருவாகும் என்று கணக்குப் போடுவார்.

நம்முடைய ஆள் வார நாட்களில் ஒரு கம்பெனியில் மனிதவள மேலாளர். ஆட்களை வேலையைவிட்டுத் துரத்தும்போதுகூட "உங்க பயணத்துல இது அடுத்த கட்டம்" என்று சொல்லும் நாக்கு. அந்த நாக்கோடு சபைக் கமிட்டிக்குள் வந்தார். முதல் கூட்டத்திலேயே, "பின்நவீனத்துவ உலகத்துல பெருங்கதையாடல்கள் எல்லாம் சரிஞ்சிடுச்சு" என்றார். மணியடித்துக் கதவு பூட்டும் கோயில்பிள்ளை திடுக்கிட்டு மேற்கூரையைப் பார்த்தார். போதகர் தலையாட்டினார். புரிந்ததா? புரியாவிட்டால்தான் அவர் தலையாட்டுவார், பாவம்.

அப்புறம் என்ன, பிரசங்கம் 'உரையாடல்' ஆயிற்று. பெஞ்சுகள் போய் வட்டமாகத் தரைமெத்தைகள் வந்தன. அதில் உட்கார்ந்த பெரியவர்களைத் தூக்கிவிட ஆள் தேவைப்பட்டது, அதற்குப் பெயர் 'பரஸ்பரச் சார்பு'. பிரசங்க மேடை அதிகாரத்தின் சின்னம் என்று பெயர்த்தெடுக்கப்பட்டது. "சபைக்கு மையம்னு ஒண்ணு கிடையாது" என்று வட்டத்தின் நட்டநடுவில் நின்றுகொண்டு சொன்னவரும் இவர்தான்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. நர்ஸ் அக்கா மேல் கை வைத்தார் பாருங்கள்!

நர்ஸ் அக்கா ஆஸ்பத்திரி வேலையிலிருந்து ஓய்வுபெற்றவர். சபையில் யாருக்காவது காய்ச்சல் என்று காதில் விழுந்தால் போதும், பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். சொல்லாமல் கொள்ளாமல் வருவார், கட்டில் ஓரத்தில் உட்கார்வார், தெரு முழுக்கக் கேட்கும்படி ஜெபிப்பார், "ஏன் இப்படி இளைச்சுப் போயிட்ட? வீட்டுல ஏதும் சண்டையா?" என்று துருவுவார், போகும்போது கிடக்கிற பாத்திரத்தையெல்லாம் கழுவி வைத்துவிட்டுப் போவார். தொல்லைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் மறுசிந்தனையாளர் அதற்கு ஒரு தீர்மானமே கொண்டுவந்தார். அழைக்காமல் ஒருவர் வீட்டுக்குப் போவது அவருடைய தனிவெளிக்குள் அத்துமீறல். இனி நலம் விசாரிப்பதெல்லாம் செல்போன் குழுவில்.

"கதவத் தட்டுறதே ஒரு வகை வன்முறைக்கா" என்று பொறுமையாக விளக்கினார்.

"அப்படியா தம்பி? இத்தனை வருஷமா தெரியாமத் தட்டிக்கிட்டு இருந்துட்டேனே" என்றார் அக்கா. முகம் சுண்டிப்போயிற்று.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை. மேடை இல்லாததால் எல்லோர் முகத்தையும் பார்த்துப் பேச வேண்டுமென்றால், பேசுகிறவர் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அன்று பேசியவர் நம்முடைய ஆள்தான், சுற்றினார். காலில் மைக் வயரும் சுற்றியது. "சமூகம் என்பது..." என்று ஆரம்பித்தவர், வாக்கியத்தை முடிக்காமல், மெத்தை இல்லாத இடமாகப் பார்த்துப் போய் விழுந்தார். கணுக்கால் எலும்பு முறிந்தது.

மாவுக்கட்டோடு வீட்டில் படுக்கை. மனைவி காலையில் வங்கி வேலைக்குப் போய்விடுவார். குழுவில் கைகூப்பிய படங்கள் மளமளவென்று வந்து விழுந்தன. முதல் நாள் ஒவ்வொன்றையும் ஆசையாகப் பார்த்தார். மறுநாள் யாருக்கோ பிறந்தநாள், கைகள் போய் கேக்குகள் வந்துவிட்டன. தண்ணீர் பாட்டில் கட்டிலுக்கடியில் உருண்டு கிடந்தது. வாசலில் காலடி கேட்கும்போதெல்லாம் தலையைத் தூக்கிப் பார்ப்பார். பக்கத்து வீட்டுக்கு வந்த பார்சல்காரராக இருக்கும்.

"ஒரு ஆள்கூட வரலையே" என்று சாயங்காலம் மனைவியிடம் சொன்னார்.

"எப்படி வருவாங்க? தட்டினா வன்முறைன்னு நீங்கதானே சொன்னீங்க. எல்லாரும் உங்க பேச்சைக் கேட்டு நல்ல பிள்ளைங்களா இருக்காங்க" என்றார் மனைவி, மாத்திரையைக் கையில் வைத்தபடி.

அடுத்த நாள் பகலில் போன் அடித்தது. நர்ஸ் அக்கா!

"தம்பி, உங்க தெரு முனைல நிக்கிறேன். பழக்கதோஷம், காலு தானா வந்துடுச்சு. அப்புறம்தான் தீர்மானம் ஞாபகம் வந்துச்சு. உள்ள வரட்டுமா, இல்ல இப்படியே திரும்பிடட்டுமா?"

கேலியா? அதுதான் இல்லை. உண்மையாகவே கேட்டார். 'வாங்கக்கா' என்று ஒரே ஒரு சொல், தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. சொன்னால் தீர்மானம் போச்சு, போட்ட வட்டம் போச்சு, அடுத்த மாதக் கருத்தரங்கில் இந்தச் சபையையே முன்மாதிரியாகக் காட்டி வாசிக்கப்போகும் கட்டுரையும் போச்சு. கண்ணில் தண்ணீர் முட்டியது.

"ரொம்ப சந்தோஷம்க்கா. நீங்க ஒருத்தர்தான் சரியாப் புரிஞ்சுக்கிட்டீங்க" என்றார்.

"சரி தம்பி. அப்போ இங்கேயே நின்னு ஜெபம் பண்ணிட்டுப் போறேன்."

பண்ணினார். அந்தப் பெரிய குரல் தெரு முனையிலிருந்து ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. இவருடைய பெயர், முறிந்த கால், மனைவியின் பெயர் எல்லாம் சொன்னது. பிறகு நின்றுவிட்டது. அன்றும் உருண்டுபோயிருந்த பாட்டில் கட்டிலுக்கடியிலேயே கிடந்தது.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். உங்களுக்குச் சபையும் கிடையாது, தீர்மானமும் கிடையாது. ஆனால் போன வாரம் யாரோ ஆஸ்பத்திரியில் இருப்பதாக உங்கள் செல்போனுக்குச் செய்தி வந்ததே, நீங்களும் இரண்டு கையைக் கூப்பி அனுப்பிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போனீர்களே, அந்த ஆள் வீடு திரும்பிவிட்டாரா?