பத்து விரல்காரர்

மாமனார் திரும்பி வருவதற்குள் அந்த ஒற்றைத் தேக்குப் பலகையை டீப்பாய்க்கு அறுத்து வைக்க வேண்டும். மரப்பட்டறையை மாப்பிள்ளையிடம் ஒப்படைப்பதா வேண்டாமா என்பது அதை வைத்துத்தான் முடிவாகும். மாப்பிள்ளையோ போன வாரம்வரை துணிக்கடையில் மீட்டர் கணக்கில் துணி கிழித்தவர்.

மேசை ரம்பம் சுழன்றதும் அவருக்கு மெய்சிலிர்த்தது. பற்களே தெரியவில்லை, வெறும் மினுமினுப்பு. அவரையறியாமல் கைகூப்பினார்.

தச்சர் பக்கத்தில் வந்தார். "நீளவாக்குல அறுக்கிறப்ப, ரம்பத்துக்குப் பக்கத்துல நிக்கிற இந்தப் பக்கச்சட்டத்தை ஒட்டித் தள்ளுங்க. குறுக்கால அறுக்கிறப்ப அதை விலக்கிடணும். நடுவுல துண்டு மாட்டுச்சுன்னா திருப்பி அடிக்கும்."

நீட்டிய கையில் ஆள்காட்டி விரல் பாதிதான் இருந்தது. விரலைத் தொலைத்தவரிடமா பாடம் கேட்பது?

சன்னலுக்கு வெளியே ஒரு பெரியவர் நின்றிருந்தார். இதே பட்டறையில் தலை நரைத்தவர். பத்து விரலும் முழுசாக, பளபளவென்று! எவ்வளவு தள்ளி நிற்கிறார், என்ன ஒரு அனுபவம்! மாப்பிள்ளை வாய்பிளந்தார்.

"அண்ணே, குறுக்கால அறுக்க என்ன பண்ணணும்?"

பெரியவர் யோசித்தார். "எல்லாத்தையும் இறுக்கி வை. பிடி விட்டா போச்சு."

எப்பேர்ப்பட்ட வார்த்தை! மாப்பிள்ளை பக்கச்சட்டத்தை இன்னும் இறுக்கிவிட்டுத் தள்ளினார். அறுபட்ட துண்டு சட்டத்துக்கும் ரம்பத்துக்கும் நடுவில் சிக்கி, அவர் காதோரம் பறந்து, டீக்கடைக்காரம்மா கொண்டுவந்து வைத்த டீக்கிளாஸை உடைத்தது. பலகையில் ஆழமாக ஒரு வெட்டு.

"இப்ப என்னண்ணே?"

"கெட்டதைக் கழிச்சுடு. நல்லது தானா நிக்கும்."

கழித்தார். கோணலாகப் போனது. கோணலைக் கழித்தார். டீப்பாய் முக்காலியானது. முக்காலியும் குறைந்துகொண்டே போனது.

"துண்டு சிறுசாயிடுச்சு, கையால தள்ளாதீங்க! தள்ளுகட்டை எடுங்க!" என்று கத்திய தச்சர், ஓடிப்போய் ஸ்விட்சை அணைத்தார். மாப்பிள்ளையின் கட்டைவிரல் ரம்பத்துக்கு நூலிழை தூரத்தில் நின்றது.

வாசலில் மாமனார். "பலகை எங்க மாப்ளே?"

மாப்பிள்ளை உள்ளங்கையை விரித்து, மிஞ்சிய துண்டைக் காட்டினார். "அண்ணன் சொன்னபடியேதான் செஞ்சேன் மாமா. இத்தனை வருஷம் ரம்பத்தோட பழகியும் ஒரு விரல்கூடப் போகலையே அவருக்கு!"

கண்ணாடிச் சில்லைப் பொறுக்கிக்கொண்டிருந்த டீக்கடைக்காரம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

"எப்படிங்க போகும்? அவரு பாலிஷ் போடுறவரு. ரம்பம் ஓடுனா பயந்துக்கிட்டு உள்ளயே வரமாட்டாரு."