பொனட் திறக்கும் இனம்

வாசகரே, கார் நின்றுவிட்டால் கராஜுக்குப் போன் எடுக்காமல், பொனட்டைத் திறந்து, இடுப்பில் கைவைத்து, "ம்ம்" என்று தலையாட்டும் ஓர் இனம் உண்டு. டென்மார்க்கில் அது நன்றாகவே பெருகியிருக்கிறது. வைலே நகரத்துத் தவராஜா அந்த இனத்தில் ஒருவர்.

ஒரு ஞாயிறு பதினொரு மணிக்கு இரண்டு மணி நேரத் தூரத்தில் உள்ள ஓல்போர்க்கில் அவருடைய தம்பி மகளுக்கு ஞானஸ்நானம். மெழுகுதிரி பிடித்துப் பக்கத்தில் நிற்கவேண்டிய ஞானத்தகப்பன் இவர்தான். காலை ஏழரைக்குக் கார் இரண்டு தரம் இருமிவிட்டு அடங்கியது. கோளாறு பார்க்கும் கருவியைச் செருகினார். எரிபொருள் அழுத்த சென்சர் என்றது. அது எங்கே இருக்கிறது? யாருக்குத் தெரியும்! கைபேசியில் காணொளி பார்த்தார். ஒன்றல்ல, நான்கு.

"எட்டேகாலுக்கு ரயில் இருக்கு. வெளிக்கிடுங்கோ," என்றார் மனைவி செலீனா.

"பத்து நிமிஷம். சென்சர் ஆளைக் கண்டுபிடிச்சிட்டன்."

கோட்டைக் கழற்றி மனைவியிடம் கொடுத்து, புதுச் சட்டைக் கையை முழங்கைவரை மடித்து, காணொளிக்காரர் காட்டிய அதே மூலையில் கையை விட்டு, வயரைப் பிடுங்கி, பல்லைக் கடித்துக்கொண்டு திருகினார். ஆள் கழன்று வந்தார். பின்னாலேயே இளஞ்சிவப்பு நிறத்தில் தண்ணீர் கொட்டியது. என்ஜினைக் குளிரவைக்கும் தண்ணீர். சட்டை முழுக்க.

செலீனா கைபேசியை வாங்கிப் பார்த்தார். "இது பெற்றோல் கார். எங்கட டீசல் எல்லோ?"

தவராஜா குனிந்து சட்டையைப் பிழிந்தார்.

எட்டேகால் ரயில் போயிருந்தது. அடுத்ததைப் பிடித்துக் கோயிலுக்குள் நுழைந்தபோது, குழந்தையின் தலையில் தண்ணீர் ஊற்றியாகிவிட்டது. அவருடைய இடத்தில் குழந்தையின் தாய்மாமன் றொஜிதன் மெழுகுதிரியோடு நின்றார்.

"பரவாயில்லை அண்ணை," என்றார் தம்பி, முகத்தைப் பார்க்காமலே. திட்டியிருந்தால் தவராஜா தாங்கியிருப்பார்.

விருந்தில் அவரே எழுந்து நின்றார். "நான் ஒரு விசரன். டீசல் காருக்குப் பெற்றோல் வீடியோ பாத்து, பிள்ளையின்ர ஞானஸ்நானத்தை விட்டிட்டன்."

முதலில் சிரித்தது தம்பிதான். பிறகு மண்டபமே சிரித்தது. தவராஜாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் ஒவ்வொருவராக அவருடைய மேசைக்கு வந்தார்கள்.

"அண்ணை, அது சென்சர் இல்லை, வயர்."

"பில்டரைப் பாத்தனீங்களோ?"

"பின்னேரம் நான் வந்து கழட்டிப் பாக்கட்டோ?" இது றொஜிதன்.

சரி, வாசகரே, ஒன்று கேட்கிறேன். 'முதலில் பற்றரியைப் பார்த்திருக்கலாமே' என்று உங்களுக்கும் இடையில் ஒரு தரம் தோன்றியதா? தோன்றியதென்றால், அடுத்த ஞானஸ்நானத்துக்கு இப்போதே ரயில் டிக்கெட் எடுத்துவிடுங்கள்.