புதன்கிழமை ஐந்து மணிக்கு வீட்டில் யாரும் இல்லை

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி எழுதிக்கொள்வது. இங்கே நான், என் வீட்டுக்காரி, பெண் மூவரும் நலம். அத்தானின் மூட்டுவலி முன்பு போலவே இருக்கும் என்று நம்புகிறேன், குறைந்திருந்தால் சந்தோஷம்.

போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். இந்த வீட்டில் சமையலறையில் முணுமுணுத்தால் வாசலிலிருந்து பதில் வரும், அப்படிப்பட்ட சுவர்கள். குழந்தைகள் நலத்துறையிலிருந்து நாங்கள் பொறுப்பெடுத்து வளர்க்கும் பெண், வாரா வாரம் போனில் மனநல ஆலோசகர் அம்மாவிடம் என்னதான் பேசுகிறாள், ஒன்றுவிடாமல் எழுது என்று கேட்டிருந்தாய். பதினைந்து வயதுக்குள் இது அவளுக்கு மூன்றாவது வீடு, பேச நிறைய இருக்கும்தானே. புதன்கிழமை ஐந்து மணிக்கு அறைக்குள் போய்க் கதவைச் சாத்துவாள். ஐந்து பத்துக்கு உன் தம்பி பெண்டாட்டி, அதாவது என் சகதர்மிணி, "ஒண்ணுமில்லம்மா, நீ பேசு, சீப்பு மட்டும் எடுத்துக்கறேன்" என்று நுழைவாள். ஐந்து இருபதுக்கு மடித்த துணி. ஐந்து முப்பதுக்கு ஒரு டம்ளர் தண்ணீர். எல்லாம் பாசம்தான், ஆனால் பாசத்துக்குக் கதவைத் தட்டத் தெரியவில்லை.

நான் என்ன செய்தேன் என்கிறாய்? இருபத்தாறு வருடமாக மைக் செட் வாடகைக்கு விடுகிறவன் வேறென்ன செய்வான்? அவள் பேசுவது யார் காதிலும் விழக்கூடாது என்று கூடத்தில் உட்கார்ந்து அந்த ஒரு மணி நேரமும் "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்ட்" என்று கத்திக்கொண்டிருந்தேன். "உங்க வீட்ல ஏதாவது கூட்டம் நடக்குதா?" என்று ஆலோசகர் அம்மா கேட்டாராம். சரி, சத்தத்தைக் கொஞ்சம் நாகரிகமாக்கலாம் என்று, அடுத்த புதன் கடைக்குப் புதிதாக வந்த கம்பியில்லா ஸ்பீக்கரை வாசல் பக்கம் வைத்து முடுக்கினேன். முந்தின நாள் அதை அவள் போனில் பாட்டுப் போட்டுத்தான் சோதித்திருந்தேன். அந்தச் சனியன் அவள் போனை மறக்கவில்லை, முடுக்கியதும் தானாகவே அதோடு ஒட்டிக்கொண்டது. தெரு முழுக்க அவள் குரல்: "என் பையைப் பிரிச்சு அலமாரில அடுக்கிட்டாங்க. எனக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான்."

எதிர்வீட்டுத் தையற்காரர் மெஷினை நிறுத்திவிட்டார். நான் ஓடிப்போய் ஸ்பீக்கரை அணைத்தேன். உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல மாமா" என்றாள். அதற்கப்புறம் இரண்டு புதன் அவள் ஆலோசகரிடம் பேசவே இல்லை. எங்களிடமும்தான்.

இதில் உன் தம்பி பெண்டாட்டி ஒரு பரிகாரம் செய்தாள் பார். பையைப் பிரித்ததுதானே தப்பு என்று, பெண் பள்ளிக்கூடம் போயிருந்தபோது அத்தனை துணியையும் பழையபடி பையில் அடைத்து, கையில் எடுக்க வசதியாக வாசல் கதவருகே வைத்துவிட்டாள்! நான் கடையிலிருந்து வந்தபோது அந்தப் பெண் சீருடையோடு, பையை மடியில் வைத்துக்கொண்டு, செருப்பு ஸ்டாண்டின் மேல் உட்கார்ந்திருக்கிறாள். அழவில்லை. "எத்தனை மணிக்கு வருவாங்க மாமா? நான் ரெடியாத்தான் இருக்கேன்" என்றாள். அக்கா, அவளுக்கு இது பழக்கம். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. என் மனைவி சமையலறையிலிருந்து ஓடிவந்து, "ஐயோ, உன்னை அனுப்பறதுக்கில்லடி! நான் கை வெச்சது தப்புன்னு..." என்று ஆரம்பித்து முடிக்க முடியாமல் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அந்தப் பெண் மடியிலிருந்த பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "அத்தை, நான் கேட்டா மட்டும் உள்ள வாங்க. அது போதும்."

மறுநாளே கதவுக்கு உள்தாழ்ப்பாள் போட்டேன். இப்போது புதன்கிழமை ஐந்து மணிக்கு நாங்கள் இருவரும் வீட்டில் இருப்பதில்லை. தையற்காரர் கடையில் இரண்டு முக்காலி போட்டு உட்காருகிறோம். நேற்று கொட்டுகிற மழையிலும் போனோம். "உங்களுக்கு வீடு வாசல் இல்லையா?" என்கிறார் மனிதர். இருக்கிறது, அதனால்தான் இங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்றேன். அவள் மறுபடி பேச ஆரம்பித்துவிட்டாள். என்ன பேசுகிறாள் என்று எனக்குத் தெரியாது.

அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசி. உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
உன் அன்புத் தம்பி

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது அவள் வந்து, "யாருக்கு மாமா?" என்றாள். அக்காவுக்கு என்றேன். "என்னைப் பத்தியா?" என்றாள். பொய் சொல்ல வரவில்லை, ஆமாம் என்றேன். "ம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அன்று தெரியாமல் தெருவுக்குச் சொன்னேன். இன்று தெரிந்தே, அழகான கையெழுத்தில், உனக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆகவே இந்தக் கடிதம் உனக்கு வராது. வேறொன்று எழுதுகிறேன், அதில் எல்லோரும் நலம் என்று மட்டும் இருக்கும். கோபித்துக்கொள்ளாதே.