தூக்கத்தில் பிணைத்த முந்தானைகள்

ஆரணி,
ஞாயிற்றுக்கிழமை.

பாசமும் மரியாதையும் மாறாத பெரிய அண்ணன் எல்லப்பன் அவர்களுக்கு, தங்கை கிருஷ்ணம்மாள் கைகூப்பி எழுதுவது. இங்கே நானும் உங்கள் மாப்பிள்ளையும் லாவண்யாவும் உடம்பளவில் சௌக்கியம். மனசைப் பற்றிக் கேட்காதீர்கள். தெள்ளாரில் நீங்களும் அண்ணியும் நன்றாக இருக்கவேண்டும், உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்க வேண்டும் என்று அம்மனை வேண்டிக்கொள்கிறேன். கையில் போன் இருக்கும்போது கடுதாசி எதற்கு என்பீர்கள். நீங்கள் போனை ஸ்பீக்கரில் போடாமல் பேசியதே கிடையாது. நான் சொல்லப்போவது அண்ணிக்குக் கேட்டால் தெள்ளார் பஸ் ஸ்டாண்டுக்கும் கேட்டுவிடும். அண்ணி கோபித்துக்கொள்ளக் கூடாது.

விஷயத்துக்கு வருகிறேன். நம் பெண் லாவண்யாவுக்கு வந்திருக்கும் தேவிகாபுரத்து வரன் என்னால் கைநழுவிப் போகிற மாதிரி இருக்கிறது. நீங்கள்தான் நேரில் போய்ப் பேசிக் காப்பாற்ற வேண்டும்.

இந்த வரன் பேச்சு ஆரம்பித்த நாளிலிருந்தே எனக்குத் தூக்கம் இல்லை. பையன் கிரண் தங்கமான பையன், பெங்களூரில் வேலை, லாவண்யாவுக்கும் பிடித்துவிட்டது. அப்படியிருந்தும் படுத்தால் கண் மூடுவதில்லை. டாக்டரிடம் போனேன். தூக்கத்துக்கு ஒரு மாத்திரை எழுதிக்கொடுத்தார். அண்ணா, அது மாத்திரையா, மந்திரமா! போட்டவுடன் உலகமே அணைந்துவிடும். ஆனால் ஒருநாள் காலையில் உங்கள் மாப்பிள்ளை துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு குளிக்கப் போனார். பின்னாலேயே ஜமுக்காளமும் போயிற்று. பார்த்தால் துண்டின் ஓர நூலும் ஜமுக்காளத்து நூலும் ஒன்று விடாமல் பிணைந்திருக்கிறது. தறியில் பழைய பாவு நூல் முடிகிற இடத்தில் புதுப் பாவு நூலை இழை இழையாக முறுக்கிப் பிணைப்பதுதானே கல்யாணமான நாளிலிருந்து என் வேலை. விரல் அதைத் தூக்கத்திலும் செய்திருக்கிறது. எனக்கு எதுவும் ஞாபகம் இல்லை. "இன்னா கிருஷ்ணா, தறி பத்தலன்னு என்னையும் நெய்யப் போறியா?" என்று அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். இரண்டு நாள் கழித்து அடுப்பில் பால் தீய்ந்து, பாத்திரம் கரியாகி, கேஸ் எரிந்துகொண்டிருந்ததைப் பார்த்தபோது யாருக்கும் சிரிப்பு வரவில்லை. லாவண்யா என் கையைப் பிடித்து டாக்டரிடம் இழுத்துப் போனாள். இந்த மாத்திரை சில பேருக்கு இப்படிச் செய்யும், தூக்கத்தில் நடப்பார்கள், சமைப்பார்கள், எழுந்தால் நினைவிருக்காது, இனி தொடவே கூடாது என்று அவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நானும் தொடவில்லை, சத்தியமாக. மிச்ச மாத்திரையைத் தூக்கிப் போடாமல் அலமாரியில் வைத்ததுதான் தப்பு.

வெள்ளிக்கிழமை பையனுடைய அப்பா ஜெயவேலும் அம்மா செல்லம்மாளும் வந்தார்கள். சும்மா வீடு பார்க்கத்தான், இன்னும் சம்மதம் சொல்லவில்லை என்று வாசலிலேயே சொல்லிவிட்டுத்தான் செருப்பைக் கழற்றினார் ஜெயவேல். மனுஷன் சிரிக்கவே யோசிப்பார் போலிருக்கிறது. முந்தின இரவு எனக்குப் பொட்டுத் தூக்கமில்லை. மண்டை வெடிக்கிறது. அதோடு சமைத்து, பரிமாறி, பெண்ணைப் பெற்றவர்கள் எல்லாரும் சொல்வதை நானும் சொன்னேன். லாவண்யா விடியுமுன் எழுந்து கோலம் போட்டுவிடுவாள், அவள் குழம்பு வைத்தால் தெருவே மணக்கும், அதிர்ந்து ஒரு வார்த்தை பேசமாட்டாள். உள்ளேயிருந்து லாவண்யா இருமினாள். ஒரு தலைவலி மாத்திரை எடுத்துக்கொடுங்கள் என்று உங்கள் மாப்பிள்ளையைக் கேட்டேன். கண்ணாடி போடாமல் அலமாரியைத் துழாவி அவர் எடுத்துத் தந்தது எந்த மாத்திரை என்று உங்களுக்கே புரிந்திருக்கும்.

செல்லம்மாள் கொஞ்ச நேரம் தலை சாய்க்கிறேன் என்று பாயில் படுத்தாள். மரியாதைக்கு நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அடுத்து என் காதில் விழுந்தது ஜெயவேலின் குரல். "செல்லம்மா, ஜல்தி எழுந்திரு, பஸ்சு போயிடும்!" செல்லம்மாள் எழுந்தாள். கூடவே நானும் எழுந்தேன், எழ நினைக்காமலேயே. அவள் கதவுப் பக்கம் திரும்பினாள், நானும் அவள் பின்னால் தடுமாறிக்கொண்டு போனேன். அவள் முந்தானைக் குஞ்சமும் என் முந்தானைக் குஞ்சமும் பிணைந்து கிடந்தன. இழைக்கு இழை, ஒன்றுகூட விட்டுப்போகாமல். விரல் வழுக்காமல் இருக்கச் சாம்பல் தொடுவோம் இல்லையா, அதற்கு மாடத்தில் இருந்த திருநீற்றை எடுத்திருக்கிறேன். இரண்டு பேர் சேலையிலும் திருநீறு.

நம் பிணைப்பு பிரியாது என்று உங்களுக்குத் தெரியும், பிரிந்தால் அது பிணைப்பே இல்லை. அறுக்கத்தான் வேண்டும். உங்கள் மாப்பிள்ளை கத்திரியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். "ஐயோ, வெள்ளிக்கெழமைங்க! பிணைச்ச நூல்ல கத்திரி வெப்பாங்களா?" என்று நானும் செல்லம்மாளும் ஒரே குரலில் கத்தினோம். அவர்களும் தறிக்காரக் குடும்பம்தானே. சரி, சேலையை மாற்றிக்கொள்ளட்டும் என்று லாவண்யா பீரோவிலிருந்து ஒரு சேலையை எடுத்து நீட்டினாள். ஜெயவேல் பதறிப்போய் நடுவில் வந்து நின்றார். "இரும்மா, இரும்மா! பொண்ணு வீட்டு சேலைய வாங்கிக் கட்டிகினா சம்மதம் சொன்ன மாதிரி ஆயிடும். நாங்க இன்னும் ஒண்ணும் முடிவு பண்ணல." அவர் சொன்னது உள்ளதுதான். நம் வழக்கம் அதுதான். கடையில் வாங்கிக் கொடுத்தாலும் நம் வீட்டுச் சேலை, பக்கத்து வீட்டில் கடன் வாங்கிக் கொடுத்தாலும் நம் வீட்டுச் சேலை.

ஆக அறுக்கவும் முடியாது, அவிழ்க்கவும் முடியாது, மாற்றவும் முடியாது. இரண்டு பேரும் பாயில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். அவள் தண்ணீர் குடிக்கப் போனால் நானும் போனேன். பஸ் போய்விட்டது. ஜெயவேல் கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். கடைசியில் நின்று, என் முகத்தைப் பார்த்து, "இது இன்னா, பரம்பரையா வர வியாதிங்களா? பொண்ணுக்கும் இருக்குதா?" என்று கேட்டார். மாத்திரையால வந்தது, மாத்திரையால வந்தது என்று உங்கள் மாப்பிள்ளை திரும்பத் திரும்பச் சொன்னார். சொல்லச் சொல்ல அது பொய் மாதிரியே கேட்டது. செல்லம்மாள் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு சுவரையே பார்த்தாள். லாவண்யா சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் கண்ணில் தண்ணீர் நின்றதைப் பார்த்தபோது, பெற்ற தாய் நானே இப்படிச் செய்துவிட்டேனே என்று எனக்குச் செத்துவிடலாம் போலிருந்தது.

வழி கண்டுபிடித்ததும் லாவண்யாதான். "நைட்டி சேலை இல்லியே" என்றாள். ஜெயவேல் வெகுநேரம் யோசித்தார். நைட்டியில் சம்மதம் எதுவும் இல்லை என்று கடைசியில் ஒத்துக்கொண்டார். செல்லம்மாள் என் பூப்போட்ட நைட்டியை மாட்டிக்கொண்டு, மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு, ஆட்டோவில் தேவிகாபுரம் போனாள். தெருவே வாசலில் நின்று பார்த்தது. போயிட்டு வரேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை. அன்றிலிருந்து போன் இல்லை. நாங்கள் போன் செய்தால் எடுப்பாரில்லை. இரண்டு சேலையும் பிணைந்தபடியே கட்டிலில் கிடக்கின்றன. கண்ணால் பார்க்கவே பயமாக இருக்கிறது. லாவண்யா என்னிடம் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. திட்டினால்கூடத் தேவலை.

அதனால் அண்ணா, கடுதாசி கிடைத்ததும் தேவிகாபுரம் பஸ்ஸில் ஏறிவிடுங்கள். உங்கள் வெள்ளை முடிக்கு ஒரு மரியாதை உண்டு. எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இந்த வியாதி கிடையாது, மாத்திரை செய்த வேலை, டாக்டரே நிறுத்தச் சொல்லிவிட்டார் என்று பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள். லாவண்யா எப்பேர்ப்பட்ட பெண் என்றும் சொல்லுங்கள். கோலம், குழம்பு, அடக்கம், நான் சொன்னதையே நீங்களும் சொல்லுங்கள், மாற்றிச் சொல்லிவிடாதீர்கள். அண்ணியை அழைத்துப் போகவேண்டாம்.

அண்ணிக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். எல்லாரையும் தெய்வம் காப்பாற்றட்டும், என்னைக் கொஞ்சம் கூடுதலாக.

உங்கள் தங்கை,
கிருஷ்ணம்மாள்.

பின்குறிப்பு: நீங்கள் போகவேண்டாம் அண்ணா. உறையில் பசை தடவும்போது செல்லம்மாளிடமிருந்து போன் வந்தது. அவர்களுக்குச் சம்மதமாம், நிச்சயதார்த்தத்துக்கு நல்ல நாள் பார்க்கச் சொன்னாள். எனக்கு நம்ப முடியவில்லை. ஏன் சம்பந்தி, அன்றைக்கு முகம் கொடுத்துக்கூடப் பேசவில்லையே என்றேன். "வாயத் தொறந்தா சிரிச்சிடுவேன்னு பயந்துகினு இருந்தேன். நீங்க பிணைக்கிறப்போ நான் முழிச்சிகினுதான் இருந்தேன் சம்பந்தி. தூக்கத்துல நீங்க பேசிகினே பிணைச்சீங்க. எம் பொண்ணு எட்டு மணிக்கு முன்னாடி எழுந்ததில்ல, ரசம் வெச்சா வெந்நீர் மாதிரி இருக்கும், கோவம் வந்தா பாத்திரம் பறக்கும்னீங்க. அப்புறம், எனக்குக் காய்ச்சல் வந்தப்போ வேலைக்கு லீவு போட்டுட்டு என் காலடியிலயே கெடந்தா, அவள அனுப்பிட்டு நான் எப்பிடித் தூங்குவேன்னு அழுதீங்க. எழுப்புனா நிறுத்திடுவீங்கன்னு நான் அசையவே இல்ல. முழிச்சிகினு இருக்கற எந்தத் தாயும் எங்கிட்ட இப்பிடிப் பொண்ணப் பத்திச் சொன்னதில்ல. அவர சம்மதிக்க வெக்கத்தான் ரெண்டு நாள் ஆச்சி" என்றாள். நான் போனை வைத்துவிட்டு அழுதேன். அப்புறம் லாவண்யா அழுதாள். அப்புறம் உங்கள் மாப்பிள்ளை கண்ணாடியைத் தேடினார். உங்களைப் பற்றியும் தூக்கத்தில் ஏதோ சொன்னேனாம். என்னவென்று கேட்டால் செல்லம்மாள் சிரிக்கிறாளே தவிர சொல்லமாட்டேன் என்கிறாள். நிச்சயதார்த்தத்துக்கு அண்ணியோடு வந்து, நீங்களே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.