ஒத்திகை இல்லாத சாமுராய்

“ரன்ஜிரோவுக்கு வயித்தால போகுதாம். இன்னிக்கு நீதான்டா சாமுராய்!”

நாடகக் குழுத் தலைவர் ஒனோதெரா வந்து சொன்னபோது குழுவுக்குத் தலை அலங்காரம் செய்கிற தெய்ஸோ டோப்பாவைச் சீவிக்கொண்டிருந்தான். திரை தூக்கப் பத்து நிமிடம். கொட்டகை நிறைய நிலக்கரிச் சுரங்கத்துக் குடும்பங்கள்.

“ஐயோ, எனக்கு வசனமே தெரியாதுங்க!”

“புட்சுகே ஹொன்பன்!” என்று அவனைத் தள்ளினார்.

முன்பாதிக்கு மோதுவது என்று அர்த்தம். பின்பாதிக்கு நிஜ ஆட்டம். ஒத்திகை பார்க்காமல் நேரே மேடையில் போய் மோதுவதற்கு நாடகக்காரர்கள் வைத்த பேர். இப்போது தயாராகாமல் செய்கிற எதற்கும் ஊரே அப்படித்தான் சொல்கிறது.

ரன்ஜிரோ நெட்டை. அவன் கிமோனோ தெய்ஸோவின் காலைத் தடுக்கியது. இடுப்பில் தூக்கிச் செருகினான். பிள்ளைத்தாய்ச்சி வயிறு வந்துவிட்டது. டோப்பா கண்ணை மறைத்தது. உள்ளே துண்டைத் திணித்தான், காது அடைத்துக்கொண்டது. வசனம் எடுத்துக்கொடுப்பவரின் வாய் அசைந்தது, அந்தக் கிசுகிசுப்பில் ஒரு சொல்லும் கேட்கவில்லை.

எதிரே காதலியாக சுருயோ. இரண்டு வருஷமாக அவளுக்குக் கொண்டை முடிகிறவன், “சாப்பிட்டாச்சா?”வைத் தாண்டிப் பேசியதில்லை.

“என்னை விட்டுட்டு சண்டைக்குப் போறீங்களா?”

“போகல,” என்றான் சாமுராய். “எனக்கு வாள் பிடிக்கத் தெரியாது. சீப்புதான் தெரியும். சாகிற வரைக்கும் உனக்குத் தலை வாரிவிடறேன். போதுமா?”

கொட்டகை வெடித்துச் சிரித்தது.

“போதும்,” என்றாள் சுருயோ. கண் நிஜமாகவே கலங்கியிருந்தது.

முன்வரிசையில் ஒருத்தி, “கட்டிக்கோடி அவனை!” என்று கத்தினாள்.

கட்டிக்கொண்டாள்.

நாற்பது வருஷம் ஓடிவிட்டது. சுரங்கம் மூடி, குழு கலைந்து, கொட்டகை இருந்த இடத்தில் இன்று வண்டிகள் நிற்கின்றன. மிச்சமிருந்த ஏழு பேர் ஒரு வெந்நீர் ஊற்று விடுதியில் கூடினார்கள். அந்தக் கொட்டகையின் வியர்வையையும் சிரிப்பையும் நினைத்து தெய்ஸோ கோப்பையை உயர்த்தினார்.

“புட்சுகே ஹொன்பன்னா அதுதான்யா! நானும் தயாரா இல்ல, இவளும் தயாரா இல்ல. வாயில வந்ததைச் சொன்னோம், குடும்பமே ஆயிடுச்சு!”

சுருயோ தேநீர்க் கோப்பைக்குள் எதையோ தேடினாள்.

ரன்ஜிரோ பல்செட்டைச் சரிசெய்துகொண்டு சொன்னார்: “எனக்கு வயித்துக்கு ஒண்ணுமே இல்லடா. என்னைப் படுத்துக்கச் சொல்லிட்டு, நீ என்ன உளறினாலும் ‘போதும்’னு சொல்ல இவ பத்து நாள் ஒத்திகை பாத்தா!”